நகரத்தில் குறைந்த செலவில் குடும்பத்துடன் வார இறுதி: நடைமுறை ஆலோசனை வேண்டுகிறேன்

நகர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர் இருக்கிறோம். நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 5 வயது. முழங்கால் வலியால் அதிகத் தூரம் நடக்க இயலாத என் தாயாரும் எங்களோடு வசிக்கிறார். வாரத்தின் மற்ற நாட்கள் வேலை, பள்ளி, வீட்டுப்பாடம் என்று ஓடிவிடுவதால், சனியும் ஞாயிறும்தான் நாங்கள் ஐவரும் சேர்ந்திருக்கக் கிடைக்கும் பொழுது. வீட்டில் இருந்தால் ஆளுக்கொரு திரையைப் பார்த்து அதைக் கழிக்கிறோம்; வெளியே சென்றால் ஏதாவது ஒரு வணிக வளாகத்துக்குப் போய், நினைத்ததைவிட அதிகமாகச் செலவழித்துவிட்டுத் திரும்புகிறோம்.

இந்த ஆண்டு செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கிறோம். ஆனால் அந்தச் சிக்கனத்தைப் பிள்ளைகள் ஒரு தண்டனையாக உணர்ந்துவிடக் கூடாது என்பதில் நானும் மனைவியும் உறுதியாக இருக்கிறோம். பூங்காவுக்குச் செல்லுங்கள், அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள் என்று சொல்லும் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. சென்று சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதை அவை சொல்வதில்லை. பூங்காவில் மகன் ஊஞ்சலை விட்டு இறங்க மறுக்கிறான். மகள் சிறிது நேரத்திலேயே கைப்பேசியைக் கேட்கிறாள். அம்மா உட்கார இடம் தேடுகிறார். அரை மணி நேரத்தில் அனைவரும் கிளம்பிவிடுகிறோம்.

ஆறு வயது இடைவெளி உள்ள இரு பிள்ளைகளையும் ஒரே இடத்தில் ஈடுபாட்டோடு வைத்திருப்பது எப்படி, என் தாயாரை வெறும் பார்வையாளராக ஓரத்தில் உட்கார வைக்காமல் அவரையும் சேர்த்துக்கொள்வது எப்படி, மழையோ கடும் வெயிலோ உள்ள நாளில் என்ன செய்வது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

தென்றல்

வணக்கம் ஐயா. என் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குச் சென்றுவிட்டார்கள். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது நீங்கள் சொல்லும் அதே நெருக்கடியில்தான் எங்கள் வார இறுதிகளும் இருந்தன. முதலில் செலவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் குடும்பத்தோடு வெளியே போகும்போது நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் சிறிய தொகையாகவே இருக்கும். ஐந்து பேருக்குப் போக வரப் போக்குவரத்துச் செலவு, எதிர்பாராத நேரத்தில் எடுக்கும் பசி, வெளியேறும் வாயிலில் இருக்கும் கடை ஆகிய மூன்றும்தான் பணப்பையைக் காலி செய்பவை. இலவசமான இடம் என்று ஊரின் மறுகோடிக்குப் போனால் அது இலவசமாக இராது. ஒரே பேருந்தில் அல்லது ஒரே ரயிலில், மாறி ஏறாமல் சென்றடையக்கூடிய இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தச் சிறிய வட்டத்துக்குள் ஓர் ஆண்டுக்குப் போதுமான இடங்கள் இருப்பதைக் காண்பீர்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையில் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகள் கேட்ட பிறகு எடுக்காமல், சென்று சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நீங்களாகவே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பசித்த குழந்தைக்கும் களைத்த பெற்றோருக்கும் கண்ணில் படும் கடையெல்லாம் அவசியமாகத் தோன்றும்.

அடுத்ததாக நான் வலியுறுத்த விரும்புவது, ஒவ்வொரு வாரமும் புதிய இடத்தைத் தேட வேண்டாம் என்பதே. புதுமையை நாடினால் செலவு கூடிக்கொண்டே போகும். அந்தப் புதுமையும் அரை நாளில் தீர்ந்துவிடும். ஓர் இடத்துக்கு மீண்டும் மீண்டும் சென்று, அங்கே செய்வதற்கு ஒரு வேலையை வைத்துக்கொண்டால் பிள்ளைகள் அந்த இடத்தைத் தமதாக்கிக்கொள்கிறார்கள். உங்கள் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் மரங்களில் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். வனத்துறையினர் பல நாடுகளில் மரத்தின் பருமனைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள்; உங்கள் மகனும் மகளும் ஒரு நூலைச் சுற்றிப் பிடித்து அதே உயரத்தில் அளக்கலாம். உயரத்தை அளக்க ஒரு குச்சி போதும். கையை முன்னே நேராக நீட்டி, கண்ணிலிருந்து கை வரையுள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவு நீளம் கைக்கு மேலே நிற்குமாறு குச்சியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும் கை மரத்தின் அடியோடும் குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தித் தோன்றும் வரை பின்னோக்கி நடந்தால், நின்ற இடத்திலிருந்து மரத்துக்குள்ள தூரமே ஏறத்தாழ மரத்தின் உயரம். வடிவொத்த முக்கோணங்களைப் பற்றிப் பள்ளியில் படிக்கவிருக்கும் மகளுக்கு அது ஏன் அப்படி வருகிறது என்று யோசிக்கப் பொருள் கிடைக்கும்; அடிகளை எண்ணிச் சொல்வது மகனின் வேலை. உதிர்ந்த இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்து நரம்புகளை எடுப்பது, எந்த மாதத்தில் பூத்தது, எப்போது இலை உதிர்த்தது, எந்தப் பறவை கூடு கட்டியது என்று எழுதுவது என அந்த ஒரு மரமே பல மாதங்களுக்கு வேலை கொடுக்கும்.

வயது இடைவெளியைப் பற்றி ஒரு சொல். மூத்த பிள்ளையிடம் "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று சொன்னால் அவளுடைய வார இறுதி முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக அவளிடம் பொறுப்பின் வேறொரு வடிவத்தைக் கொடுங்கள்: பேருந்து எண்ணைக் கண்டுபிடிப்பது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைச் சொல்வது, ஒரு சிறு தொகையை அவள் கையில் கொடுத்து அன்றைய செலவை முழுவதும் அவளே தீர்மானிக்கச் செய்வது. பதினொரு வயதில் பிள்ளைகள் விரும்புவது பெரியவர்களின் நம்பிக்கையை. கையில் இருக்கும் தொகை அவளுடைய முடிவுக்கு உட்பட்டது என்றால், வாயிலில் இருக்கும் கடையைக் கடந்து செல்லும்படி நீங்கள் கெஞ்ச வேண்டியிராது. மகனுக்கு ஊஞ்சல்தான் வேண்டுமென்றால் முதல் அரை மணி நேரத்தை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். ஆசை தீர விளையாடிய குழந்தையே அடுத்த வேலைக்கு வரும்.

நூலடுக்கு

நான் பல ஆண்டுகளாகப் பொது நூலகப் பணியில் இருப்பவன் என்பதால், நூலகத்தைப் பற்றி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். யுனெஸ்கோ 1949 இல் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் 1994 இலும் 2022 இலும் திருத்திய பொது நூலக அறிக்கை, பொது நூலகத்தின் சேவைகள் கொள்கையளவில் இலவசமாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது. நகரத்தில் குளிர்ச்சியாகவோ கதகதப்பாகவோ உட்கார இடமும், குடிநீரும், கழிப்பறையும் அளித்து, எதையும் வாங்கும்படி கேட்காத கட்டடங்கள் மிகக் குறைவு. மழைக்கும் வெயிலுக்கும் நீங்கள் தேடும் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் நூலகத்துக்குச் சென்று ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமைதியாக உட்கார வேண்டும் என்று எண்ணினால் உங்கள் மகன் கால் மணி நேரம்கூடத் தாங்க மாட்டான். உள்ளே நுழைந்ததும் பணியாளரிடம் சென்று, வார இறுதியில் குழந்தைகளுக்காக என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கதை நேரம், சதுரங்கம், பலகை விளையாட்டுகள், ஓவிய வகுப்பு எனப் பல நிகழ்ச்சிகள் அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையில் ஒட்டப்பட்டு யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன. உலகின் பல நகரங்களில் நூலகங்கள் விளையாட்டுப் பொருட்களையும், இசைக்கருவிகளையும், தையல் இயந்திரங்களையும்கூட இரவல் தருகின்றன. சில நூலகங்கள் அங்குள்ள அருங்காட்சியகங்களுக்கான இலவச அனுமதிச் சீட்டுகளை உறுப்பினர்களுக்கு வழங்குகின்றன. உங்கள் நூலகத்தில் அவை உண்டா என்பது கேட்டால்தான் தெரியும். கேட்கிறவர்கள் மிகவும் குறைவு என்பது எங்களைப் போன்ற பணியாளர்களுக்குள்ள உண்மையான வருத்தம்.

உங்கள் தாயாருக்காக ஒரு பணியைச் சொல்கிறேன். பெரும்பாலான நகர நூலகங்களில் உள்ளூர் வரலாற்றுப் பகுதி ஒன்று இருக்கும். அங்கே பழைய வரைபடங்களும், தெருக்களின் பழைய புகைப்படங்களும், பழைய செய்தித்தாள்களும் கிடைக்கும். நீங்கள் வசிக்கும் பகுதியின் பழைய படம் ஒன்றைத் தேடியெடுத்து, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அந்தப் படம் எடுக்கப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து, படமெடுத்தவர் நின்ற அதே இடத்தில், அதே கோணத்தில் நின்று மகள் இன்றைய படத்தை எடுக்கட்டும். கூரையின் விளிம்பு, ஒரு கோபுரம், சாலை வளையும் விதம் என்று மாறாமல் எஞ்சியிருப்பவற்றை வைத்துத்தான் இடத்தை உறுதி செய்ய முடியும் என்பதால் அது ஒரு துப்பறியும் வேலையாகவே ஆகிவிடும். மகனுக்கு "இந்த ஜன்னல் இப்போதும் இருக்கிறதா?" என்பது போன்ற ஒற்றைக் கேள்வி போதும். உங்கள் தாயாரோ அன்று முழுவதும் நடுவில் இருப்பார். தெரு எப்படி இருந்தது, எதில் பயணம் செய்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்வதை மகள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, படத்தோடு சேர்த்து வைக்கலாம். அவர் வேறு ஊரில் வளர்ந்தவராக இருந்தால் அந்த ஊரின் படங்களைத் தேடுங்கள். இணையத்தில் பல நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தம் பழைய படங்களை இலவசமாகப் பார்க்கத் திறந்து வைத்திருக்கின்றன.

அருங்காட்சியகங்களைப் பற்றியும் சில வரிகள். கட்டணம் வாங்கும் அருங்காட்சியகங்கள் பலவற்றில் மாதத்தில் ஒரு நாளோ வாரத்தில் ஒரு மாலையோ இலவசமாக இருக்கும். 1977 முதல் ஆண்டுதோறும் மே 18 ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் பன்னாட்டு அருங்காட்சியக நாளில் பல நாடுகளில் கட்டணமின்றி அனுமதிக்கிறார்கள். இலவசம் என்பதால் எல்லா அறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று முயல்வதே அங்கே குடும்பங்களைச் சோர்வடையச் செய்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916 இலேயே இந்தக் களைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். குனிந்தும் வளைந்தும் எட்டியும் பார்க்கும்படி காட்சிப் பேழைகள் அமைக்கப்பட்டிருப்பதைப் படங்களோடு காட்டி, பார்வையாளரின் உடல் வீணாகச் சோர்கிறது என்று அவர் விளக்கினார். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பேழையின் மேல்மட்டம் கண்ணுக்கு எட்டாது. முழங்கால் வலி உள்ளவருக்குக் கீழ்மட்டம் எட்டாது. ஆகவே ஒரு முறைக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் எதிரே உட்கார்ந்து பென்சிலால் வரைந்து, எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். வரையும்போது கண் பொருளின் மீது தங்குகிறது. வெறுமனே நடக்கும்போது தங்குவதில்லை.

விண்நோக்கி

மேலே எழுதிய இருவரும் பகல் பொழுதைப் பற்றிச் சொன்னார்கள். நான் மாலையைப் பற்றிச் சொல்கிறேன். நகரத்தின் விளக்கொளியில் வானில் ஒன்றும் தெரியாது என்று பெரும்பாலோர் முடிவு செய்துவிடுகிறார்கள். பால்வீதியும் மங்கலான விண்மீன்களும் தெரியாது என்பது உண்மையே; ஆனால் நிலவும், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய கோள்களும் எவ்வளவு வெளிச்சமான நகரத்திலும் தெரியும். மொட்டைமாடியோ, திறந்த வெளியோ, தெற்கும் மேற்கும் தெரியும் ஒரு பலகணியோ இருந்தால் போதும். பயணச் செலவே இல்லை, உங்கள் தாயார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

நிலவிலிருந்து தொடங்குங்கள். முழு நிலவு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அன்று சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேராக விழுவதால் நிழல்கள் மறைந்து, பள்ளங்களும் மலைகளும் தட்டையாகத் தெரியும். வளர்பிறையின் ஏழாம், எட்டாம் நாளில், பாதி நிலவாக இருக்கும்போது, ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் அருகே நிழல்கள் நீண்டு கிடக்கும். சாதாரண பைனாகுலரிலேயே பள்ளங்களின் விளிம்புகளைக் காணலாம். அந்த நாட்களில் சூரியன் மறையும் நேரத்திலேயே நிலவு உயரத்தில் நின்றுகொண்டிருக்கும் என்பதால் மகனின் உறக்க நேரமும் கெடாது. 2010 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் பன்னாட்டு நிலவு காணும் இரவுக்கான நாளையும் இதே காரணத்தால் நிலவு பாதியளவில் இருக்கும் காலத்தை ஒட்டியே தேர்ந்தெடுக்கிறார்கள்.

மகளுக்கு வியாழன் ஏற்றது. பைனாகுலரைச் சுவரின் மீதோ நாற்காலியின் முதுகின் மீதோ அசையாமல் வைத்துப் பார்த்தால், கோளின் இரு பக்கமும் ஒரே கோட்டில் சிறு ஒளிப்புள்ளிகள் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் கண்ட நான்கு நிலவுகள் அவைதாம். சனிக்கிழமை இரவு அவற்றின் நிலையை வரைந்து, ஞாயிறு இரவு மறுபடியும் வரைந்தால் புள்ளிகள் இடம் மாறியிருக்கும். அவற்றில் மிக உட்புறம் உள்ள ஐயோ இரண்டு நாளுக்குள்ளாகவே வியாழனை ஒரு முறை சுற்றி முடித்துவிடுகிறது. இப்படி இடம் மாறுவதைப் பல இரவுகள் தொடர்ந்து வரைந்து பார்த்துத்தான் அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று கலிலியோ உணர்ந்தார். அதே சான்றை ஒரு சிறுமி தன் குறிப்பேட்டில் தானே சேர்த்துக்கொள்ள முடிகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

மகனுக்குப் பன்னாட்டு விண்வெளி நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை அது பூமியைச் சுற்றிவருகிறது. தரையில் இருட்டிய பின்னும் அவ்வளவு உயரத்தில் சூரிய ஒளி விழுவதால், மாலை மயங்கிய சற்று நேரத்திலும் விடியலுக்குச் சற்று முன்பும் மினுக்காத ஓர் ஒளிப்புள்ளியாகச் சில நிமிடங்களில் வானைக் கடக்கும். உங்கள் ஊருக்கு மேலே எப்போது வரும் என்பதை நாசா இலவசமாகத் தெரிவிக்கிறது. 2000 நவம்பர் முதல் அங்கே மனிதர்கள் இடைவிடாமல் வாழ்ந்துவருகிறார்கள் என்று சொல்லுங்கள். அந்தப் புள்ளிக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த குழந்தை கையசைக்காமல் இருப்பதில்லை.

தொலைநோக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். பல நகரங்களில் வானியல் ஆர்வலர் சங்கங்கள் தம் கருவிகளைப் பொது இடத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் பார்க்க அனுமதிக்கின்றன. ஜான் டாப்சன் 1968 இல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களோடு தொடங்கிய நடைபாதை வானியலாளர் இயக்கம் வழிப்போக்கர்களை நிறுத்தி வானத்தைக் காட்டியது. அந்த வழக்கம் இன்று பல நாடுகளில் தொடர்கிறது. கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும் என்பதால் அங்கே கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: பைனாகுலராலோ தொலைநோக்கியாலோ சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது, பிள்ளைகள் தனியாக இருக்கும் பகல் வேளையில் கருவியைக் கைக்கெட்டாமல் வைத்துவிடுங்கள்.

நகர்வாசி

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. பழைய புகைப்படத்தைத் தேடும் யோசனையைச் சொன்னதும் அம்மா தான் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லி, அதன் படம் கிடைக்குமா என்று கேட்டார். மேலும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இலவச நாட்களில் கூட்டம் மிகுதியாக இருக்கிறது. அம்மாவால் வரிசையில் நிற்க இயலாது. மற்றொன்று, வெளியே போகவே முடியாத வார இறுதிகளும் உண்டு. அன்று திரைகளுக்கே திரும்பிவிடுகிறோம்.

பலகணி

வெளியே போக முடியாத நாட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லா வார இறுதிகளையும் நிகழ்ச்சிகளால் நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் எதுவும் செய்யாமல் இருக்கும் பொழுதும் அவர்களுக்குத் தேவை. ஆனால் ஒரு நாளில் கால் மணி நேரமாவது எல்லோரும் ஒரே சன்னலருகே உட்கார்ந்து பறவைகளைக் கணக்கெடுக்கலாம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் இ-பேர்ட் இணையதளம் 2002 முதல் இயங்குகிறது. அங்கே யார் வேண்டுமானாலும் தாம் கண்ட பறவைகளைப் பதிவு செய்யலாம். அதே ஆய்வகத்தின் மெர்லின் என்ற இலவசச் செயலி, பறவையின் குரலைக் கேட்டு அது எதுவாக இருக்கக்கூடும் என்று சொல்லும். 1998 இல் தொடங்கிய பெரும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாட்கள் நடக்கிறது. 15 நிமிடங்கள் பார்த்து எண்ணினாலே அதில் பங்குகொள்ளலாம். நகரத்துச் சன்னலில் காகமும் புறாவும் மட்டுமே தெரிந்தாலும் அதுவும் பயனுள்ள தகவல்தான். உங்கள் தாயார் காது கூர்மையானவராக இருந்தால் குரலை முதலில் அறிபவர் அவராகவே இருப்பார்.

பூச்சி, செடி ஆகியவற்றை அறிய விரும்பினால் ஐ-நேச்சுரலிஸ்ட் அமைப்பின் சீக் என்ற செயலி கணக்குத் தொடங்கும்படி கேட்பதில்லை என்பதால் சிறுவர்களுக்கு ஏற்றது. திரையை முழுவதுமாக விலக்குவதைவிட, திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்கப் பழக்குவது எளிது என்பது என் கருத்து.

வழித்தடம்

நகரத்தின் தெருக்களையும் நினைவில் கொள்ளுங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் முதன்மைச் சாலைகளை வாகனங்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். இன்று 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் அப்படித் திறக்கப்படுகின்றன. அதைப் பார்த்து மற்ற நாடுகளின் பல நகரங்களும் இத்தகைய வாகனமில்லாத காலைகளை நடத்துகின்றன. உங்கள் மாநகராட்சி அதை நடத்துகிறதா என்று பாருங்கள். மிதிவண்டி பழக அதைவிடப் பாதுகாப்பான இடம் நகரத்தில் கிடைப்பது அரிது. 2004 இல் லண்டனின் புஷி பூங்காவில் தொடங்கிய பார்க்ரன் என்ற இலவச 5 கிலோமீட்டர் ஓட்டம் இப்போது பல நாடுகளில் சனிக்கிழமைக் காலைகளில் நடைபெறுகிறது; நடந்து செல்வதற்கும் அங்கே தடையில்லை, ஓட விரும்பாதவர்கள் தன்னார்வலர்களாக உதவலாம்.

மகளுக்கு ஜியோகேச்சிங் என்ற புதையல் தேடும் விளையாட்டு பிடிக்கக்கூடும். அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவந்ததை நிறுத்தியது. அடுத்த நாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் மறைத்துவைத்து அதன் இடத்தைக் குறிக்கும் ஆய எண்களை இணையத்தில் அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. பிறர் மறைத்துவைத்த சிறு பெட்டியைக் கைப்பேசியின் உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்திட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அடிப்படைப் பயன்பாட்டுக்குக் கட்டணமில்லை.

இனி உங்கள் தாயாரின் வரிசைச் சிக்கல். இலவச நாளின் கடைசி ஒன்றரை மணி நேரத்தில் செல்லுங்கள். ஓர் அறையை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த நேரம் தாராளம், காலையில் வந்த கூட்டமும் அப்போது பெரும்பாலும் கலைந்திருக்கும். கிளம்புமுன் தொலைபேசியில் அழைத்து, நிற்க இயலாத முதியவர் வருகிறார் என்று சொன்னால் பல அருங்காட்சியகங்களில் தனி வாயிலைக் காட்டுவார்கள். சக்கர நாற்காலியை இலவசமாகப் பயன்படுத்தத் தருபவர்களும் மிகப் பலர். கேட்பதில் தயக்கம் வேண்டாம், அவை அதற்காகத்தான் வாங்கப்பட்டவை. செல்லும் இடத்தின் நுழைவாயிலில் படிக்கட்டு உண்டா என்பதை அறிய, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தின் தகவலின் மீது இயங்கும் வீல்மேப் என்ற இலவச வரைபடம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் செல்லத்தக்க இடங்களைப் பச்சையாலும், ஓரளவு செல்லத்தக்கவற்றை மஞ்சளாலும், செல்ல இயலாதவற்றைச் சிவப்பாலும் அது காட்டும். உங்கள் பகுதியில் இன்னும் நிறம் குறிக்கப்படாத இடங்கள் இருக்கும். பூங்காவின் வாயில், நூலகத்தின் சாய்தளம், பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலுள்ள கழிப்பறை என்று ஒவ்வொன்றாகப் பாட்டியோடு சென்று பார்த்து, அவரால் ஏற முடிந்ததா என்று கேட்டுப் பதிவு செய்வதே உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருக்கலாம். இருக்கைகள் எங்கெங்கே உள்ளன, ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைக்கு எத்தனை அடி என்பதை மகன் எண்ணிச் சொல்லட்டும். அடுத்த முறை எந்தப் பாதையில் செல்வது என்பதை அந்த எண்களை வைத்து உங்கள் தாயாரே முடிவு செய்யலாம்.